நின்ற இடத்தில் விழுந்தேன், மணிக்கட்டு வலி போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 44. சமீபத்தில் சைக்கிளில், ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடல் மாட்டினேன். சிக்னலில் நிற்கும்போது ஷூ கழலாமல் இரண்டு முறை வலது பக்கம் அப்படியே சாய்ந்துவிட்டேன். சிராய்ப்பு ஆறிவிட்டது. ஆனால் வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஒரு வாரமாக வலி. வீக்கம் அதிகம் இல்லை. பழைய பெடலுக்கே மாறிவிடலாமா டாக்டர்?

பதில்: பெடலை அப்புறம் பார்ப்போம், முதலில் மணிக்கட்டு. வலது கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக விரியுங்கள். அதன் அடியில் இரண்டு நரம்பு போலத் தசைநாண்கள் புடைத்து, நடுவே சின்னக் குழி விழும். அந்தக் குழியில் இடது ஆள்காட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால், சுளுக்கு என்று விட்டுவிடாமல் உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அங்கே ஸ்கேபாய்ட் என்ற படகு வடிவ எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால், மணிக்கட்டின் சிறு எலும்புகளில் விரிசல் விடுவது பெரும்பாலும் அதுதான்.

இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் குறைந்து, எலும்பு கூடாமலே போகலாம். வீக்கம் இல்லை என்பதை நம்பிவிடாதீர்கள். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் கட்டை விரலோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். அதுவரை எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம். சைக்கிளும் வேண்டாம்.

சரி, பெடல். மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. விழும்போது கையை ஊன்றாதீர்கள் என்று நான் சொல்லிப் பயனில்லை, கை தானாகவே நீளும். ஆனால் காலைப் பழக்கலாம். தடுமாறினால் கால் தன்னிச்சையாக மேலே தூக்கப் பார்க்கிறது. இந்தப் பெடலோ மேலே இழுத்தால் விடாது, குதிகாலை வெளிப்பக்கம் திருகினால்தான் விடும். 1984-இல் லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் பனிச்சறுக்குக் காலணிப் பூட்டைப் பார்த்து இதைச் செய்தபோதிலிருந்து அப்படித்தான்.

கை சரியானதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக ஐம்பது முறை மாட்டிக் கழற்றுங்கள். பிறகு புல்தரையில். ஸ்பிரிங் இறுக்கத்தை மிகக் குறைவாக வையுங்கள், பெடலில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தினால் போதும். சாலையில் நின்ற பிறகு கழற்றக் கூடாது. பிரேக் பிடிக்கும் முன்பே, வண்டி ஓடும்போதே எப்போதும் ஒரே காலைக் கழற்றி, அந்தப் பக்கமே சாயுங்கள். இடது காலைக் கழற்றிவிட்டு வலது பக்கம் சாய்ந்து விழுபவர்கள் உண்டு. நீங்களும் அப்படி விழுந்திருக்கலாம்.

கால் விரல்கள் மரத்தால் கிளீட்டை, அதாவது ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டை, கொஞ்சம் குதிகால் பக்கம் நகர்த்துங்கள். முழங்கால் வலித்தால் கிளீட் கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். நடக்கும்போது பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, பெடலிலும் அப்படியே இருக்க வேண்டும்.