கேள்வி பதில்: அடுத்த பக்கத்தில் என்ன படம்?

கேள்வி: எல்லாப் படங்களும் போனிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு போட்டோ புத்தகத்தை ஏன் வாங்க வேண்டும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நானும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தேன், இந்தியப் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் 'சென்ட் எ லெட்டர்' கையில் கிடைக்கும்வரை. 2008இல் ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் போட்டது. ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் விசிறி மாதிரி மடித்த ஏழு குட்டிப் புத்தகங்கள். கல்கத்தாவுக்கு ஒன்று, வாரணாசிக்கு ஒன்று, நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்துக்கும் ஒன்று. ஒரு புத்தகம் முழுக்க அவருடைய அம்மா நோனி சிங் எடுத்த படங்கள். கூடப் பயணம் செய்த நண்பர்களுக்குக் கொடுப்பதற்காகத் தன் கையால் செய்துவந்த புத்தகங்களைத்தான் பிறகு அச்சுக்குக் கொண்டுவந்தார். பிரித்து மேஜைமேல் நிறுத்தினால் வீட்டிலேயே ஒரு கண்காட்சி, மடித்து வைத்தால் சட்டைப்பைக்குள் போய்விடும் போல இருக்கும்.

அப்புறம் அவருடைய 'ஃபைல் ரூம்', 2013. ஆவணக் காப்பகங்களில் எடுத்தவை. துணியில் சுற்றிய காகித மூட்டைகள், கூரை வரைக்கும் போகும் அலமாரிகள், எல்லாம் கருப்புவெள்ளையில். இதில் ஒரு படத்தை மட்டும் போனில் பார்த்தால் பழைய காகிதம் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம், ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போகும்போது, பட்டா நகலுக்காக அப்பாவோடு தாலுகா ஆபீஸில் காத்திருந்த பகல்களும் அந்த அறையின் வாடையும் எனக்குத் திரும்பி வந்தன. எந்தப் படத்துக்கு அடுத்து எது வர வேண்டும், எங்கே வெறும் பக்கம் விட வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். விலை கட்டுப்படியாகாது என்றால் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், நண்பரிடம் இரவல் வாங்குங்கள், ஒரு தடவையாவது தாளில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் நடப்பதைத்தான் படம் எடுக்கிறேன். சமையல், பாட்டி, முற்றம். இதெல்லாம் புத்தகம் ஆகுமா? (தென்காசி வாசகி)

பதில்: கண்டிப்பாக ஆகும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ரின்கோ கவாவுச்சி 2001இல் ஒரே சமயத்தில் மூன்று புத்தகங்களோடு வந்தவர். எனக்கு அவற்றைவிட நெருக்கமானது 2005இல் வந்த 'குய் குய்'. பிரெஞ்சில் அது சிட்டுக்குருவி கத்தும் சத்தம். தன் குடும்பத்தை 13 வருடம் எடுத்த படங்கள். தாத்தா இறந்துபோகிறார், வீட்டுக்கு ஒரு குழந்தை வருகிறது, நடுவில் சாப்பாடும் வெயிலும்தான். தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தப் படத்திலும் பெரிய சம்பவம் கிடையாது. ஆனால் தாத்தா இல்லாத பக்கங்களுக்கு வந்ததும் நான் திரும்ப முன்னால் புரட்டி அவரைத் தேடினேன்.

உங்கள் படங்களை 4க்கு 6 அளவில் சாதாரணமாக பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த படம்தான் சில சமயம் வரிசைக்கு ஒட்டாமல் நிற்கும், எடுத்துவிடுங்கள். பாட்டியை எடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: இந்தத் துறையில் தமிழ்ப் பின்னணி உள்ளவர் யாராவது? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: பிரான்ஸின் வசந்தா யோகானந்தனைப் பாருங்கள். அவர் அப்பா இலங்கைக்காரர். ராமாயணத்தை மனதில் வைத்து வட இந்தியாவிலிருந்து இலங்கை வரை பயணம் செய்து, 2016 முதல் 2021 வரை ஏழு புத்தகங்கள் போட்டார். வழியில் சந்தித்த சாதாரண மனிதர்கள்தான் அவருக்கு ராமனும் சீதையும். சில படங்களைக் கருப்புவெள்ளையில் எடுத்து, கையால் வண்ணம் தீட்ட வைத்திருக்கிறார். கம்பனைக் கேட்டு வளர்ந்த எனக்கு முதலில் தயக்கம் இருந்தது, பத்துப் பக்கத்தில் போய்விட்டது. முதல் புத்தகம் 'எர்லி டைம்ஸ்', சிறுபருவக் கதை. அதிலிருந்தே தொடங்குங்கள்.