கீழாண்ட – கடிதம்

ஐயா,

என் அம்மா நெல்லிக்குப்பத்துக்காரர். இப்போது எங்களோடு புதுச்சேரியில் இருக்கிறார். போன வாரம் என் மகனிடம் ‘கீழாண்ட கடையில் கறிவேப்பிலை வாங்கி வா’ என்றார். அவன் மாடியிலிருந்து இறங்கிப்போய், கீழே கடையே இல்லை என்று திரும்பி வந்துவிட்டான். கடை இருப்பது தெருவின் கிழக்குக் கோடியில். ‘கீழாண்ட’ கொச்சைதானே? கிழக்கு என்று சொல்லுங்கள் என்றேன், அம்மாவுக்குக் கோபம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவின் கோபம் நியாயம். கீழ் என்பதிலிருந்து வந்ததுதான் கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. கீழண்டை, அதாவது கீழ்ப்பக்கம், பேச்சில் கீழாண்ட ஆயிற்று. அதில் தேய்ந்தது அண்டைதான். கீழ் முழுசாக நிற்கிறது. அதைக் ‘கிழ’ என்று குறுக்கியது நீங்கள் சிபாரிசு செய்த சொல்.

ஏன் கீழ் என்பதற்குக் கெடிலம் ஆறே சாட்சி. பண்ருட்டியைக் கடந்து, திருப்பாதிரிப்புலியூரைத் தொட்டு, கடலூரில் கடலில் விழுகிறது. தென்பெண்ணையும் அப்படித்தான். தண்ணீர் வரும் பக்கம் மேல், போகும் பக்கம் கீழ். ஏர் ஓட்டியவனுக்குத் திசை வரைபடத்தில் இல்லை, வாய்க்காலில் இருந்தது.

கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. அங்கே கிழக்குதான் மேடு. ஆனாலும் மலையாளத்தில் அது கிழக்குதான்! மேற்குக்கு மட்டும் படிஞ்ஞாறு, ஞாயிறு படியும் பக்கம், என்று வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். கிழக்கு என்ற சொல் மலைக்கு இந்தப்புறம் பிறந்து அங்கே போனது என்று கால்டுவெல் வாதிட்டது இதை வைத்துத்தான். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

கொச்சை என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். செக்குபந்தி, அதாவது மனையின் நான்கு எல்லை, எழுதிய இடத்தில் ‘கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி’ என்று இருக்கும். பத்திர எழுத்தரை யாரும் கொச்சை என்று திருத்துவதில்லை.

ஊர்ப் பெயர்களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைவதா என்று 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த கீழூர், புதுச்சேரி நகருக்கு மேற்கே இருக்கிறது. பெயர் வைத்தவர் நகரத்தில் நின்றுகொண்டு வைக்கவில்லை போலும்.

உங்கள் மகன் மாடியிலிருந்து இறங்கியதில் தவறில்லை. இறங்கிய பிறகு கடல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.