சோஷியல் சயின்ஸ் ப்ரொஃபசர்கள் ப்ரொஃபைல்ல போடுற ‘ரிசர்ச் இன்ட்ரஸ்ட்ஸ்’ஐ எவ்வளவு நம்பலாம்?

பிஎச்டிக்கு கைடு தேடுறேன், ஒவ்வொருத்தர் பேஜ்லயும் ஏழெட்டு டாபிக் வரிசையா இருக்கு, எதை வச்சு முடிவு பண்றதுன்னு கேட்டிருக்கீங்க.

இதுல நல்லா மூக்குடைபட்டவன் நான். எம்.ஏ முடிச்ச கையோட ஒரு சோஷியாலஜி ப்ரொஃபசருக்கு மெயில் போட்டேன், அவர் பேஜ்ல முதல் வரியே ‘இடப்பெயர்வு’ன்னு இருந்துச்சு, நானும் அதைப் பத்தி ரெண்டு பக்கத்துக்கு உருகி உருகி எழுதி அனுப்பினா ‘அதை விட்டு பதினோரு வருஷம் ஆச்சு தம்பி’ன்னு ஒரே வரில பதில் வந்துச்சு. அப்புறம் ஏன் சார் பேஜ்ல இன்னும் இருக்குன்னு கேக்க தைரியம் வரல.

அதுக்கு பதில் பின்னாடி என் கைடுகிட்ட கிடைச்சுது. டிபார்ட்மென்ட் வெப்சைட் மாத்துறப்போ அவர் லிஸ்ட்டை டைப் பண்ற வேலை என் தலைல விழுந்துச்சு, பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்தார். முதல்ல இருந்தது அவரோட பிஎச்டி டாபிக், தொட்டு இருபது வருஷம் இருக்கும். எடுத்துடவா சார்னா ‘இருக்கட்டும்யா, அதை வச்சுதான் எனக்கு வேலையே கிடைச்சுது’ன்னார். இன்னொண்ணு ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஃபண்ட் வந்தப்போ சேந்தது, ப்ராஜெக்ட் முடிஞ்சும் போகல. ரெண்டு அவர் ஸ்டூடண்ட்ஸ் பண்றது. கடைசியா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு ஒரு வார்த்தை சொன்னார், அதுல அவர் ஒரு பேப்பர் கூட போட்டதில்ல, ஆனா அந்த வருஷம் முழுக்க அவர் டேபிள்ல இருந்த புக்கெல்லாம் அதுதான்.

ஆக அந்த லிஸ்ட்ல பாதி பழைய அட்ரஸ். பேப்பர் லிஸ்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஏன்னா ஃபீல்டுவொர்க் பண்ணி, எழுதி, ஜர்னலுக்கு அனுப்பி, ரிவ்யூவர் திருப்பி அனுப்பி, மறுபடி எழுதி வெளிய வர்றதுக்குள்ள மூணு நாலு வருஷம் ஓடிடும், அதனால இன்னைக்கு புதுசா வந்த பேப்பர்னு நீங்க படிக்கிறது அவங்க அன்னைக்கு யோசிச்சது. எகனாமிக்ஸ்லயாவது ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே ட்ராஃப்ட்டை வொர்க்கிங் பேப்பர்னு போட்டுடுவாங்க. ஆந்த்ரபாலஜி ஆளுங்க புக் எழுதுறவங்க, அங்க இன்னும் லேட்.

டாபிக்குகள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருந்தா ஆளு தாவிட்டே இருக்கார்னு நினைக்காதீங்க. எலினோர் ஆஸ்ட்ரமை எடுத்துக்கோங்க. ஸ்கூல்ல ட்ரிகானமெட்ரி படிக்க விடாததால எகனாமிக்ஸ் பிஎச்டிக்கு வழியில்லாம பொலிட்டிகல் சயின்ஸ்ல சேந்தவங்க. 1965ல முடிச்ச தீசிஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல நிலத்தடி நீரை ஆளாளுக்கு உறிஞ்சி கடல்தண்ணி உள்ள வந்த பிரச்சனை. இண்டியானா யூனிவர்சிட்டில முதல்ல கிடைச்ச வேலை காலை ஏழரை மணி க்ளாஸ், அதுவும் சனிக்கிழமை உட்பட, வேற யாரும் எடுக்க விரும்பாத நேரம்! அப்புறம் 1970கள்ல பாத்தா போலீஸ் பத்தி ரிசர்ச், பெரிய போலீஸ் டிபார்ட்மென்ட்டை விட சின்னது ஒண்ணும் மோசமில்லன்னு காட்டினாங்க. அப்புறம் நேபாள பாசன வாய்க்கால், காடு. தண்ணி, போலீஸ், வாய்க்கால், காடுன்னு ஒரு பேஜ்ல பாத்தா என்னடா இதுன்னு தோணும். ஆனா கேள்வி ஒண்ணேதான்: மேல இருந்து ஒருத்தர் அதட்டாம, கூறு போட்டு விக்காம, ஜனங்களே பொதுவான ஒண்ணை நிர்வாகம் பண்ண முடியுமா, எப்போ முடியும். அதுக்குத்தான் 2009ல எகனாமிக்ஸ் நோபல், அதை வாங்கின முதல் பெண்மணி. ட்ரிகானமெட்ரி இல்லாம.

ஹெர்பர்ட் சைமன் இன்னும் சுவாரசியம். படிச்சது பொலிட்டிகல் சயின்ஸ், 1975ல கம்ப்யூட்டர் சயின்ஸோட பெரிய விருதான டூரிங் அவார்ட், 1978ல எகனாமிக்ஸ் நோபல். ஆரம்பம் எங்கன்னா, ஸ்டூடண்டா இருந்தப்போ மில்வாக்கி ஊர்ல விளையாட்டு மைதானத்துக்கான பணத்தை பராமரிப்புக்கும் பிள்ளைங்களை பாத்துக்கிற ஆளுங்களுக்கும் எப்படி பிரிக்கிறாங்கன்னு பாத்தது. புக்ல சொன்ன மாதிரி யாரும் கணக்கு போடல, அப்போ நிஜத்துல மனுஷன் எப்படித்தான் முடிவெடுக்கிறான்னு ஆரம்பிச்சவர் அதை கடைசி வரைக்கும் விடல.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, டாபிக்கை விடுங்க, கேள்வியை தேடுங்க. அவங்ககிட்ட கடைசி மூணு நாலு வருஷத்துல பிஎச்டி சேந்தவங்க என்ன தலைப்புல பண்றாங்கன்னு பாருங்க, கைடுக்கு இப்போ எதுல பசின்னு அதுல தெரிஞ்சிடும். கான்ஃபரன்ஸ் டாக் தலைப்பு பாருங்க. முடிஞ்சா அவங்க ஸ்டூடண்ட் ஒருத்தர்கிட்ட பேசுங்க, ட்ராஃப்ட் குடுத்தா எத்தனை நாள்ல திரும்ப வரும்னும் கேட்டு வச்சுக்கோங்க, இன்ட்ரஸ்ட்டை விட இது முக்கியம்னு மூணாவது வருஷத்துல புரியும்.

மூக்குடைபட்டப்புறம் என் கைடுக்கு நான் போட்ட முதல் மெயில் நாலே வரி. அவரோட பழைய பேப்பர் ஒண்ணுல அடிக்குறிப்புல ‘இது தனியாக ஆராயப்பட வேண்டியது’ன்னு விட்டிருந்தார், அப்புறம் ஆராய்ஞ்சீங்களா சார்னு கேட்டேன். அன்னைக்கு சாயங்காலமே பதில் வந்துச்சு: ‘இல்லை. நேர்ல வாங்க.’