லாப்டாப் இல்லை, ஸ்மார்ட்போன் மட்டும்தான். பகுதிநேரமாக ஏதாவது சம்பாதிக்க முடியுமா?

முடியும். நான் நாலு வருஷமாகச் சம்பாதிக்கிறேன். மரண அறிவித்தலில்.

சிரிக்காதீர்கள். கேள்வியில் நீங்கள் முதல் போடக் காசில்லை, வேலைக்குப் போய் வந்தபின் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் என்னைப் போலக் கடைச் சம்பளம், மாதம் இருபதாம் திகதியோடு கை காய்ந்துவிடும் என்று வைத்துக்கொள்கிறேன். யூடியூப் சேனல் திறக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். நீள வீடியோ போட்டு விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரரும் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதுவரைக்கும் வாடகையை யார் கட்டுவது?

நான் கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போடுகிறவன். வீடு கொட்டாஞ்சேனையில், தொடர்மாடியில். 2022 மார்ச் கடைசி ஞாபகம் இருக்கும்தானே, 31ஆம் திகதி 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அதே மாதம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அந்தக் கிழமையில்தான் எங்கள் மேல்மாடி ஐயா காலமானார். மகன் நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு ஓடினார். கரண்ட் வந்தால்தான் மெஷின் ஓடும், அதுவும் கடதாசிக்கு அன்றைய விலைதான் என்றார்களாம். திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

என் போனில் 34 சதவீதம் சார்ஜ் இருந்தது. தம்பி, நீ இந்தப் பிறந்தநாள் படமெல்லாம் செய்வாய்தானே, இதையும் ஒன்று செய்து தா, வட்ஸ்அப்பிலாவது போடுவோம் என்றார். கொப்பி ஒற்றையில் பென்சிலால் எழுதித் தந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்தேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று என்னைக் கூப்பிட்டு ஒரு கவருக்குள் 2,000 ரூபா தந்தார். வேண்டாம் என்று ஒருதரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அன்றைக்கு காஸ் சிலிண்டர் இல்லாமல் விறகு தேடிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு வாய்வழியாகவே பரவியது. இப்போது ஒரு அறிவித்தலுக்கு 1,000 ரூபா வாங்குகிறேன். முப்பத்தோராம் நாள் அழைப்பும் ஆண்டு நினைவஞ்சலியும் சேர்த்து மாதம் 12,000, 15,000 வரும். பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் நாலைந்து விழுந்தால் 20,000 தொடும். வேலையை விடுகிற அளவுக்கு இல்லை, அப்படி யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை எப்படி என்றால், எழுத்துதான் எல்லாம். இங்கே அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துரு. அதில் அடித்ததை அப்படியே அனுப்பினால் போனில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். போனில் எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்தான். முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. சில ஆப்களில் கொம்பு கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அந்த ஆப்பை அன்றைக்கே அழித்துவிடுங்கள். அச்சுக்கும் கேட்பார்கள் என்றால் ஆரம்பத்திலேயே ஏ5 அளவில், 1748க்கு 2480 பிக்சலில் தொடங்குங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுங்கிவிடும், டொகியூமென்டாக அனுப்ப வேண்டும். நினைவு மலர் புத்தகம் மட்டும் போனில் வேண்டாம். 24 பக்கம் ஒன்றை ஏற்று, ஒன்பதாம் பக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

படம்தான் பெரிய தலையிடி. செத்தவருக்குத் தனியாக ஒரு நல்ல படம் இருக்கவே இருக்காது. அடையாள அட்டைப் படம் வரும், இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக் கூட்டப் படம். தோளில் யாரோ கை போட்டிருப்பார்கள். அந்தக் கையை விரல் விரலாக அழிக்க வேண்டும். ஒருதரம் அழிக்க அழிக்க மோதிரம் மட்டும் மிஞ்சி நின்றது, சட்டையில் பதக்கம் குத்தியதுபோல.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நம் அறிவித்தல்களின் வாசகம் உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்டவர், அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு மருமகனும் என்று போகும். அந்தத் தாய் தகப்பனில், மாமன் மாமியில் ஒருவர் மட்டும் உயிரோடு இல்லையென்றால் அவர் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற'. இருவருமே இல்லையென்றால் 'காலஞ்சென்றவர்களான'. ஒரு வீட்டில் தாளில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் பழைய அறிவித்தல் ஒன்றைப் பிரதி எடுத்துப் பெயர்களை மாற்றினேன், அந்த 'வர்களான' அப்படியே கிடந்துவிட்டது. செத்தவரின் மாமியார் 91 வயதில் கனடாவில் உயிரோடு இருக்கிறார்!

இரவு பத்து மணிக்கு அனுப்பினேன். பதினொன்றேகாலுக்கு டொரண்டோவிலிருந்து கோல். அங்கே பகல். "தம்பி, அம்மா இங்கே என் முன்னால் இருந்து இடியப்பம் சாப்பிடுறா. லண்டனிலிருந்து மூன்று பேர் துக்கம் விசாரிச்சிட்டினம்" என்று ஒரு பெண் குரல். நான் அனுப்பியதை நான் அழிக்கலாம், நாற்பது குழுக்களுக்குப் போனதை யார் அழிப்பது? திருத்தியதை விடியும்வரை ஒவ்வொரு குழுவாகத் தேடிப் போட்டேன். காசு வாங்கவில்லை. அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்களாம். பெடியன் என் பெயருக்கு முன்னால் 'இ' போட்டு 'இராசம்மா' என்று ஒழுங்காக எழுதியிருக்கிறான், மற்றவர்கள் 'ரா'வில்தான் தொடங்குவார்கள் என்றாராம். அன்றிலிருந்து பழைய பிரதியைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் 'இருக்கிறாரா, இல்லையா' என்று வொய்ஸ் மெசேஜில் கேட்டுப் பதில் வாங்குகிறேன். வீட்டில் இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லும்வரை படத்தின் குறுக்கே 'மாதிரி' என்று பெரிதாகப் போட்டுத்தான் அனுப்புவேன்.

இந்த இடத்தில் 'சாவில் காசு பார்க்கிறாயா' என்று ஒருவர் வருவார் என்று தெரியும். என் சொந்தச் சித்தப்பாவே கேட்டார். மலர்ச்சாலைக்காரர் சும்மாவா சவப்பெட்டி தருகிறார்? ஐயர் தட்சணை வாங்கவில்லையா? நான் வாங்குகிற ஆயிரம் மட்டும் ஏன் உறுத்துகிறது என்று விளங்கவில்லை. இல்லாத வீடுகளுக்குச் சும்மாவும் செய்திருக்கிறேன், அதைக் கணக்குச் சொல்ல விரும்பவில்லை.

எழுத்தென்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க ஒரு அரச அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் மூன்று மொழியிலும் பலகை. தமிழில் மட்டும் நாலு சொல்லில் மூன்று பிழை, கடைசிச் சொல்லில் பாதி எழுத்தைக் காணோம். அங்கே இருந்தவரிடம் பணிவாகத்தான் சொன்னேன், நானே இலவசமாகத் திருத்தி அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். விளங்குதுதானே, பிறகென்ன என்றார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. ஒரு செத்த வீட்டு அறிவித்தலில் ஐந்து எழுத்துப் பிழைத்ததற்கு நான் ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அந்தப் பலகை போன மாதமும் அப்படியே இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லைக் போட்டால் காசு, முதலில் 5,000 கட்டு, கீழே ஆறு பேரைச் சேர் என்று வருகிற எதையும் தொடாதீர்கள். ஆள் சேர்த்துக் காசு சுழற்றும் பிரமிட் திட்டம் இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். ஆள் சேர்த்துவிட்டவரும் மாட்டலாம். எங்கள் கடையிலேயே ஒருவர் மனைவியின் காப்பை அடகு வைத்துச் சேர்ந்தார், அவரிடம் நான் இன்னும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அப்புறம், வெளிநாட்டுச் சொந்தங்கள் இணையத்தில் காசு அனுப்புகிற பேபாலில் அனுப்பட்டுமா என்பார்கள். இங்கிருந்து அதில் காசு கட்டலாம், வாங்க வழியில்லை என்றே பல வருஷம் கிடந்தது. நான் இங்கே இருக்கிற உறவினர் ஒருவரை என் வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிடுவேன்.

உங்களுக்குத் தமிழ் பிழையில்லாமல் எழுத வருமா என்று கேள்வியில் சொல்லவில்லை. வரும் என்றால் முதலில் சொந்தத்தில் ஒரு பிறந்தநாளுக்குச் செய்து கொடுத்துப் பாருங்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முகத்துவாரத்திலிருந்து ஒரு ஓராண்டு நினைவஞ்சலி வந்திருக்கிறது. படம் கேட்டேன், கல்யாண வீட்டுக் கூட்டப் படம்தான். தோளில் இரண்டு கை.