கருக்கலைப்பு பாவமா, பெண்ணின் உரிமையா?

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் உரிமை என்றுதான் சொல்வேன். அதற்காக வயிற்றில் இருப்பது வெறும் சதைதான் என்று வாதாட வரமாட்டேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான், குறைமாதத்தில் தவறிப்போன பிள்ளையை நினைத்து வருசக்கணக்கில் அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது ஓர் உயிர் என்பதில் பாதரோடும் புத்த பிக்குவான ஹாமதுருவோடும் எனக்குச் சண்டை இல்லை, சுமக்கிறவளை யார் கேட்டீர்கள் என்பதுதான் சண்டை.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுதான் இன்னும் நடக்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் கலைக்கலாம். மற்றபடி மூன்று வருசம் வரை சிறை, பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருசம் வரை, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் இதே கதிதான். வல்லுறவுக்கு விலக்கு இல்லை. பிறந்தாலும் பிழைக்காது என்று ஸ்கேனில் தெரிந்தாலும் இல்லை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாலும் அது வல்லுறவு என்கிற அதே சட்டம், அதனால் வந்த கர்ப்பத்தைச் சுமக்க மட்டும் அவளுக்கு வயது போதும் என்கிறது! 1995இல் மாற்றப் பார்த்தார்கள், 2017இலும் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் கிடப்பில் போட்டுவிட்டார்கள். சட்டத்தை எழுதிக் கொடுத்த வெள்ளைக்காரன் 1967இலேயே தன் ஊரில் மாற்றிக்கொண்டான், இந்தியா 1971இல் மாற்றிவிட்டது.

எங்கள் அம்மா காலத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1980களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. நாடு முழுக்கத்தான் கொடுத்தார்கள், ஆனால் விடிய முன்னம் பெரட்டுக்களத்தில், அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், நிற்கிற பெண்ணுக்கு அந்தக் காசு எவ்வளவு பெரிசாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்து லொறியிலேயே ஏற்றிப் போனார்களாம். "திரும்பவும் புள்ள வேணும்னா முடியாதுன்னு ஒருத்தரும் வெளங்கப்படுத்தல" என்று எங்கள் பெரியம்மா இன்றைக்கும் சொல்வார். அப்போது உயிர் புனிதம், தாய்மை புனிதம் என்று ஒருத்தரும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் பக்கம் வரவில்லை. பெறாதே என்றதும் அவளைக் கேட்காமல்தான், பெற்றே ஆகவேண்டும் என்பதும் அவளைக் கேட்காமல்தான்.

பொம்பிளைப் பிள்ளை என்று மாமியார் கட்டாயப்படுத்திக் கலைக்க வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதையும் எதிர்ப்பேன், அதே காரணத்துக்காகத்தான். எத்தனை மாதம் வரை என்றால், அசைவு தெரிந்த பிறகு எனக்கே மனம் ஒப்பாது. அதற்காக இன்னொருத்தியை ஜெயிலில் போடச் சொல்ல மாட்டேன்.

காசுள்ளவள் சென்னைக்கு டிக்கெட் போடுவாள். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன எங்கள் பிள்ளைதான் யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுவிட்டு, இரத்தம் நிற்காமல், பொலிஸுக்குப் பயந்து ஒளிந்து கிடப்பாள். அப்படி யாரையாவது தெரிந்தால் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், என்ன போட்டாள் என்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம், ஏச்சுப்பேச்செல்லாம் அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று, 72 மணித்தியாலத்துக்குள் போடுகிற அவசர கருத்தடை மாத்திரை கருவைக் கலைப்பதில்லை, கரு தரிக்காமல் தடுப்பது. டாக்டர் துண்டு இல்லாமலே பாமசியில் கிடைக்கும்.