‘ஏப்ரன்காரன்’ என்று அவரைக் கூப்பிட்ட பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ராஜபாளையம் பக்கம். பிசியோதெரபி படித்துவிட்டு ஒன்பது வருடத்துக்கு முன் அமெரிக்கா வந்தேன். டெக்சாஸின் தெற்கு எல்லையில், மெக்காலன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் மெக்சிகோ வம்சாவளிதான். என் கணவரும் அப்படியே. கூட வேலை பார்க்கும் தோழியின் மகளுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் விழா (நம் ஊர் மஞ்சள் நீராட்டு மாதிரி பெரிதாகச் செய்வார்கள்). அங்கேதான் பழக்கமானோம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் என் வீட்டில் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது.

அவர் கட்டட வேலையில் ஃபோர்மேன். பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்கியவர். எங்கள் மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். வலது தோளில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனது. கை இன்னும் முழுதாக மேலே எழவில்லை. வேலை கொடுத்தவர்களிடம் தொழிலாளர் காப்பீடு கிடையாது. ஆஸ்பத்திரி செலவுக்கு நாங்கள்தான் கடன் வாங்கினோம். நான் வேலைக்குத் திரும்ப, குழந்தையை அவர் பார்த்துக்கொள்கிறார். இப்போது அவளுக்குப் பத்து மாதம்.

குறை சொல்லவே கூடாது, குழந்தையை அவ்வளவு அழகாகப் பார்த்துக்கொள்கிறார். இடது கையால் டயப்பர் மாற்றப் பழகிவிட்டார். நான் தூங்க வைத்தால் அரை மணி நேரம் ஆகும். அவர் ஏதோ ஸ்பானிஷ் பாட்டை முணுமுணுத்தால் ஐந்தே நிமிஷம்.

பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைதான். மாமனார் வீட்டில் எல்லோரும் கூடி இறைச்சி சுடுவார்கள். ஆண்கள் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். நாலு மாதத்துக்கு முன், இவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது மாமனார் சிரித்துக்கொண்டே ‘மாண்டிலோன்’ என்றார். ‘மாண்டில்’ என்றால் ஏப்ரன், சமைக்கும்போது முன்னால் கட்டிக்கொள்ளும் துணி. பெண்டாட்டியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டவன் என்று அர்த்தம். நம் ஊரில் ‘பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியுறவன்’ என்பார்களே, அதேதான். சித்தப்பாமார் எல்லாம் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அன்றிலிருந்து மனுஷன் மனுஷனாக இல்லை.

ராத்திரி சாப்பிட்டதும் பீர் பாட்டில்களோடு வெளியே போய் டிரக்கில் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு நாள் பாத்ரூம் கதவைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டார். என் மேலோ குழந்தை மேலோ கை வைத்ததில்லை. போன வாரம் ‘நான் இல்லாவிட்டால் நீங்கள் ரெண்டு பேரும் நன்றாகவே இருப்பீர்கள்’ என்றார். சோர்வில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் மனசு நோகக்கூடாது என்று நானும் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறேன். ஹோட்டலுக்குப் போனால் காரிலேயே பணத்தை அவர் கையில் கொடுத்துவிடுவேன், அவர் அப்பா முன்னால் அவரே பில் கட்டட்டும் என்று. எனக்குச் சம்பளம் கூடியதைச் சொல்லவில்லை. அம்மா வீடியோவில் கூப்பிடும்போது இவர் துணி மடித்துக்கொண்டிருந்தால் கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். என் அப்பா தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக் குடித்தவரில்லை. அம்மாவுக்கு இது புரியாது.

மாமனாரும் கெட்டவர் இல்லை. பதினாறு வயதில் மிச்சிகனுக்கு வெள்ளரிக்காய் பறிக்கப் போனவர். எட்டு ஆண்கள் ஒரே அறையில் தங்கியிருக்க, இவர்தான் எல்லாருக்கும் பீன்ஸ் வேகவைத்து, மாவு பிசைந்து டோர்ட்டியா சுட்டுப் போடுவாராம். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். மகன் செய்தால் மட்டும் ஏன் இப்படி?

இங்குள்ள தமிழ்த் தோழிகள், ‘மெக்சிகோக்காரர்கள் இப்படித்தான், ரத்தத்திலேயே மச்சிஸ்மோ, மாறாது’ என்கிறார்கள். மச்சிஸ்மோ என்றால் ‘நான் ஆண்’ என்ற முறுக்கு. நான் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அவர் ஏதாவது சின்ன வேலைக்குப் போனால் சரியாகிவிடுமா? என்ன செய்யட்டும் அக்கா?

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

*

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தில் மாமனாரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன இடத்தில். ‘நான் இல்லாவிட்டால் நீங்கள் ரெண்டு பேரும் நன்றாகவே இருப்பீர்கள்.’

இதை விட்டுவிடாதீர்கள். இன்று இரவே, குழந்தை தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கும். அப்படி நடப்பதில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் மூச்சு விட்ட மாதிரிதான் இருக்கும். ‘ஆமாம்’ என்றால் தனியே விடாதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், 2ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள். ஆபத்து கண்முன் இருந்தால் 911. இன்னொன்று, நீங்கள் எழுதாதது: வீட்டிலோ அந்த டிரக்கிலோ துப்பாக்கி இருக்கிறதா? டெக்சாஸ் என்பதால் கேட்கிறேன். இருந்தால் அவர் மனசு தேறும்வரை நம்பகமான ஒருவர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். குடியும் துப்பாக்கியும் இந்த நினைப்பும் ஒரே டிரக்கில் இருக்கக்கூடாது.

கதவைக் குத்தியதையும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கை உங்கள் பக்கமோ குழந்தை பக்கமோ திரும்பினால், அன்றைக்கே குழந்தையோடு வெளியேறிவிடுங்கள். கலாசாரம், வேலையிழப்பு, வலி எதுவும் அதற்குச் சமாதானம் ஆகாது.

இனி, தோழிகள் சொன்ன ‘ரத்தத்திலேயே மச்சிஸ்மோ.’ இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஹூஸ்டனில் நாலு வருடம் ஆலோசகராக இருந்தேன். என்னிடம் வந்த ஆண்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, எல் சால்வடோர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவரும் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லி வந்ததில்லை. முதுகுவலி, தூக்கமில்லை, பெண்டாட்டி போகச் சொன்னாள், இப்படித்தான் வருவார்கள். சின்ன வயதிலிருந்து அவர்கள் காதில் விழுந்தது ‘அகுவாந்தா’ என்ற சொல். தாங்கு, பொறுத்துக்கொள் என்று அர்த்தம். தாங்கித் தாங்கி, கடைசியில் கதவில் ஓட்டை விழும்.

உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பிரவுன்ஸ்வில்லில் 1915இல் பிறந்தவர் அமெரிக்கோ பரேடஸ். எல்லைப்புற நாட்டுப்பாடல்களை வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த அறிஞர். மெக்சிகோவின் பழைய பாடல்களில் வீரன் உண்டு, துணிந்தவன் உண்டு, ஆனால் மச்சிஸ்மோவுக்கு வேரான ‘மாச்சோ’ என்ற சொல்லைக் காண்பதே அரிது என்று அவர் எழுதினார். அந்தச் சொல் பரவலானது 1940களில்தான். அப்போதைய அதிபர் ஆவிலா கமாச்சோவின் பெயரோடு எதுகையாகப் பொருந்தியதும் அதற்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. உங்கள் மாமனாரின் தலைமுறைக்குக் கொஞ்சம் முன்னால் புழக்கத்துக்கு வந்த சொல்லை ரத்தத்தில் ஊறியது என்று சொல்வது எப்படி நியாயம்?

அரிசோனாவில் மிகேல் ஆர்சினியேகா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மெக்சிகோ வம்சாவளி ஆண்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது இன்னும் முக்கியமானது. அதுவரை அதட்டல், அடக்குதல் என்று ஒரே பக்கத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் அதோடு ‘கபயெரிஸ்மோ’ என்று இன்னொன்றையும் அளந்தார்கள். ‘கபயெரோ’ என்றால் குதிரைவீரன், கண்ணியமானவன். குடும்பத்தைக் காப்பது, மரியாதை, மனைவி மக்களின் மனமறிந்து நடப்பது எல்லாம் அதில் அடக்கம். முதல் வகை மேலோங்கிய ஆண்களுக்குத் தன் மனசில் ஓடுவதைச் சொல்லத் தெரிவதில்லை, மூர்க்கம் அதிகம். இரண்டாவது மேலோங்கியவர்கள் பிரச்சினை வந்தால் உட்கார்ந்து வழி தேடுகிறார்கள், மனிதர்களோடு ஒட்டுகிறார்கள், தன் இனத்தோடும் அதிகப் பற்றோடு இருக்கிறார்கள். அந்தக் கடைசி விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள். இடது கையால் டயப்பர் மாற்றும்போது அவர் மெக்சிகோக்காரராகக் குறைந்துபோகவில்லை.

மாமனாரின் ஒரு வார்த்தை இத்தனையும் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு பேருக்கு மேஸ்திரியாக இருந்தவர் அந்த வேலையை இழந்தார், பெயரை இழந்தார், வலது கையையும் பாதி இழந்திருக்கிறார். இது துக்கம். நம் ஊரில் சாவுக்கு மட்டும்தான் துக்கம் விசாரிப்போம். அவரிடம் யாரும் விசாரிக்கவில்லை. தாய்க்கு வருவது போலவே, குழந்தை பிறந்ததை ஒட்டித் தகப்பன்களுக்கும் மனச்சோர்வு வரும். 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பத்தில் ஒரு தகப்பனுக்கு வருவதாகத் தெரிந்தது. ஆண்களிடம் அது அழுகையாக இல்லாமல் எரிச்சலாக, குடியாக, டிரக்கில் தனியே உட்காருவதாக வெளிப்படுவது சகஜம். அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ‘தூக்கம் சரியில்லை, தோள்வலி’ என்று ஆரம்பித்தால் வருவார். மனச்சோர்வையும் சோதிக்கும்படி டாக்டரிடம் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. கொஞ்சம் கடினமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரில் பணம் கொடுப்பது, சம்பள உயர்வை மறைப்பது, கேமராவைத் திருப்புவது. மூன்றையும் அன்பினால்தான் செய்கிறீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு முறை அந்த நோட்டுகளை வாங்கும்போதும் அவர் கேட்பது இதுதான்: ‘நீ சம்பாதிக்காதது வெளியே தெரியக்கூடாத விஷயம்.’ மாமனார் எல்லோர் முன்னாலும் சிரித்துச் சொன்னதை நீங்கள் காருக்குள் சத்தமில்லாமல் சொல்கிறீர்கள். அவர் துணி மடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நீங்கள் நம்பினால் அந்தக் கேமரா ஏன் திரும்பியது? அம்மாவுக்குப் புரியாது என்கிறீர்கள். உங்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்பா தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். அது எளிதில் போகாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் கணவர் விருந்தாளிகள் முன் பாத்திரம் கழுவினால் இன்றும் என் கை தானாக நீளும், பிடுங்குவதற்கு.

அதனால் சம்பளத்தைச் சொல்லுங்கள். ஒரு மாதக் கணக்கை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். குழந்தையை டே கேரில் விட்டால் எவ்வளவு ஆகும் என்பதையும் அதில் சேருங்கள். ஹோட்டலில் பில்லை நீங்களே கட்டுங்கள், அல்லது இருவருக்கும் பொதுவான கார்டில் அவர் கட்டட்டும். அம்மாவிடம் ‘மாப்பிள்ளைதான் பிள்ளையைப் பார்த்துக்கிறார், என்னைவிட நல்லா தூங்க வைக்கிறார்’ என்று சாதாரணமாகச் சொல்லிப்பாருங்கள். அம்மா உங்களை ஆச்சரியப்படுத்தக்கூடும்.

வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டாம். கடனும் ஆறாத தோளும் இருக்கும்போது, அவரைச் சின்ன வேலைக்கு அனுப்புவதற்காக நீங்கள் குறைத்தால், அவர் இன்னொரு முறை விழுந்த மாதிரிதான் உணர்வார். அதைவிட, தொழிலாளர் காப்பீடு எடுக்காத முதலாளி மேல் வழக்குப் போட முடியுமா என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள். தனியார் முதலாளிகளை அந்தக் காப்பீடு எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாத மாநிலம் டெக்சாஸ். ஆனால் எடுக்காதவர் கவனக்குறைவாக இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். பொதுவாக இரண்டு வருடம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள். விழுந்தது தன் குற்றம் என்று அவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருக்கலாம். வக்கீல் மேஜையில் அந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

மாமனாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் கணவருக்காக நீங்கள் பேசினால் ‘ஏப்ரன்’ இன்னும் இறுகும். ஆனால் அந்த மிச்சிகன் கதையைக் கேட்கலாம். அடுப்பு எப்படி இருந்தது, மாவு பிசைய யார் கற்றுக்கொடுத்தார்கள், முதல் டோர்ட்டியா கருகியதா என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். எட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்ட பதினாறு வயசுப் பையனை யாரும் மாண்டிலோன் என்று கூப்பிடவில்லை, ஏனென்றால் அங்கே பெண்கள் இல்லை. அதே வேலையை மனைவி இருக்கும் வீட்டில் ஒரு ஆண் செய்தால் மட்டும் பெயர் மாறுகிறது. இதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். கதை நீண்டால் அவரே அந்த இடத்துக்கு வந்து சேரலாம். வராமலும் போகலாம். எப்படியானாலும் உங்கள் கணவர் அதைக் கேட்டிருப்பார்.

அவருக்கு ஆண் துணையும் வேண்டும், அடுப்பைச் சுற்றி நிற்கும் வகை இல்லாமல். லத்தினோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் குழுக்களை ‘நேஷனல் கம்பாத்ரெஸ் நெட்வொர்க்’ என்ற அமைப்பு 1988இலிருந்து வளர்த்து வருகிறது. கலிஃபோர்னியாவில் தொடங்கியது. சொன்ன சொல் காப்பவன்தான் உயர்ந்த ஆண் என்பதுதான் அவர்கள் பேச்சின் மையம். உங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்ட வட்டம் இருக்கிறதா என்று அவர்களிடமோ, பக்கத்துத் தேவாலயத்திலோ விசாரியுங்கள். அவரே போய்க் கேட்டால் இன்னும் நல்லது.

இதெல்லாம் வரும் வாரங்களுக்கு. இன்று இரவுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும். அவர் டிரக்கில்தான் உட்கார்ந்திருப்பார் என்றால் நீங்களும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். கேட்டபின் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா