ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காத மகள்

கேள்வி: என் மகளுக்கு வரும் நவம்பரில் நியூ ஜெர்சியில் கல்யாணம். மாப்பிள்ளை யூதப் பையன். காலையில் நம் முறைப்படி தாலி. நாகஸ்வரம், தவில் டொராண்டோவிலிருந்து வருகிறது. மாலையில் அவர்கள் முறை. அதற்கு டிஜே போதும் என்று பேசி வைத்திருந்தோம். இப்போது ‘கிளெஸ்மர்’ என்று ஐந்து பேர் வாத்தியக் குழு வேண்டும் என்கிறார்கள். செலவு மூன்று மடங்கு, அதில் பாதி எங்கள் தலையில். புரியாத பாட்டுக்கு இவ்வளவு எதற்கு? போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே! இதைச் சொன்னதிலிருந்து சம்பந்தி அம்மாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகளும் பிடி கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனே எடுப்பதில்லை. புரூக்லினில் மாப்பிள்ளையின் பாட்டி வீட்டில் ஏதோ டான்ஸ் பழகுகிறாளாம். நான் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா?
— பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: முதலில் அந்த நாகஸ்வரக் கணக்கை முடித்துவிடுகிறேன். தாலி ஏறும் நொடியில் தவில்காரர் பாய்ந்து கெட்டிமேளம் கொட்ட வேண்டும் என்று எல்லை தாண்டி ஆள் வரவழைக்கிறீர்கள். அவர்கள் சடங்கின் முடிவில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் ‘மசல் டோவ்’ என்று வாழ்த்திக் கத்தும், வாத்தியம் சீறிக்கொண்டு கிளம்பும். அங்கே யாரோ ஒரு பையன் போனைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? உங்களுக்கு ஆள், அவர்களுக்குப் போன். இதற்குத் தமிழில் ஓரவஞ்சனை என்று பெயர்.

சரி, நான் நின்றது அந்த ஞாயிற்றுக்கிழமை வரியில். போகிற போக்கில் ஒரு புகாராக எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எத்தனை வாரமாகப் போகிறாள்? ‘ஏதோ டான்ஸ்’ என்றால் எந்த ஆட்டம்? பாட்டிக்கு என்ன வயது, இந்த வயதில் எப்படி ஆடிக் காட்டுகிறார்? ஒன்றுமே கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். உங்கள் வயிற்றெரிச்சலுக்கும் அந்தக் குழுவின் கிளாரினெட்டுக்கும் சம்பந்தமே இல்லை அம்மா. பெற்ற பெண் வாரத்தில் ஒரு நாளை இன்னொரு வீட்டுப் பெரியவளுக்குக் கொடுக்கிறாள், அது குத்துகிறது. குத்தத்தான் செய்யும், தாயில்லையா? அதை வாத்தியக்காரர் கூலியில் கழிக்கப் பார்ப்பதுதான் தப்பு.

அவள் பழகுவது அநேகமாகக் கைகோத்துச் சுற்றி ஆடும் ‘ஃப்ரைலக்ஸ்’ ஆக இருக்கும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் அந்தப் பெயரிலேயே சந்தோஷம் இருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு வாசிப்பவர்கள் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். வட்டம் களைத்தால் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார்கள். மணமக்களை நாற்காலியோடு தூக்கிவிட்டால், கீழே இறக்கும் வரை விடாமல் வாசிப்பார்கள். நடுநடுவே கிளாரினெட் ஒரு விக்கல் விக்கும், அழுகை தொண்டையில் சிக்கினாற்போல. ‘கிரெக்ட்ஸ்’ என்பார்கள். எண்பது வயதுக் கால்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ள உங்கள் போனுக்குத் தெரியுமா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உக்ரைன், போலந்து, ருமேனியா பக்கமெல்லாம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த கலை இது. வாசித்தவர்களையும் ஆடியவர்களையும் ஊர் ஊராக நாஜிகள் கொன்றார்கள். அதற்கு முன்பே அமெரிக்காவுக்குக் கப்பலேறிய நஃப்டூலே பிராண்ட்வைன், டேவ் டாராஸ் மாதிரி கிளாரினெட் வித்வான்கள் நியூயார்க்கில் வாசித்து இசைத்தட்டுகளாக விட்டுப்போனார்கள். 1970-களில் பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் அந்தக் கீறல் விழுந்த தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, உயிரோடிருந்த டாராஸ் போன்ற கிழவர்களைத் தேடிப் போய் வாசிக்கப் பழகினார்கள். அப்படிப் பெட்டியிலிருந்து கைக்கு மீட்டுக் கொண்டுவந்ததை, செலவு ஜாஸ்தி என்று மறுபடி பெட்டிக்குள் போடச் சொல்கிறீர்கள். சம்பந்தி முகம் கொடுக்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அவர்களுடைய தல்மூது என்கிற மத நூலில் ஒரு விதி உண்டு. பிண ஊர்வலமும் மணப்பெண் ஊர்வலமும் எதிரெதிரே வந்தால், ஒதுங்கி வழிவிட வேண்டியது பிணம். மணமக்களைச் சந்தோஷப்படுத்துவது வந்தவர்களின் கடமை, அதற்காகவே ஆடுகிறார்கள். நம் மண்டபங்களில் பந்திக்கு முந்தி, மொய்க் கவரை நீட்டி, மேடையில் ஒரு போட்டோவுக்கு நின்றுவிட்டால் வந்த கடமை தீர்ந்தது. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம். ஆகவே பாதிப் பணத்தை முணுமுணுக்காமல் கொடுங்கள். மூன்றாவது இனிப்பையும் வாசலில் வைக்கப்போகிற பூச்சுவரையும் வெட்டினால் பெரும்பகுதி வந்துவிடும்.

அப்புறம், வருகிற ஞாயிறு மகளுக்குப் போன் செய்யாதீர்கள். அவளோடு புரூக்லினுக்குப் போங்கள். கையில் பழம் கொண்டு போனால் போதும். வீட்டுப் பலகாரம் கட்டுவதற்கு முன் அவர்கள் கோஷர் என்கிற மத உணவு விதி பார்க்கிறவர்களா என்று மகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டியிடம் ‘ப்ரோய்கெஸ் டான்ட்ஸ்’ தெரியுமா என்று விசாரியுங்கள். ‘சம்பந்தி’ என்பதற்கு இங்கிலீஷில் சொல்லே கிடையாது, இத்திஷில் இருக்கிறது. அந்தச் சம்பந்திகளுக்கென்றே இப்படி ஓர் ஆட்டமும் இருக்கிறது. கோப ஆட்டம். அந்தக் காலத்துக் கல்யாணங்களில் பெரும்பாலும் இரண்டு சம்பந்தி அம்மாள்களும் ஆடுவார்கள். ஒருத்தி கையை இடுப்பில் வைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மற்றவள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சுவாள். வாத்தியமும் கூடவே கெஞ்சும். கடைசியில் முகம் திரும்பி இருவரும் கட்டிக்கொண்டதும் மெட்டு துள்ளலுக்கு மாறும். முகம் எப்போது திரும்பும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, வாசிப்பவர் பார்த்துக்கொண்டே இருந்து பிடிக்க வேண்டும்.

முகம் திருப்புகிற பாகம் உங்கள் சம்பந்திக்கு இப்போதே நன்றாக வருகிறது. சுற்றி வருகிற பாகம் உங்களுடையது. நவம்பருக்குள் பழகிவிடலாம்.